துக்க ஊசி

மைக்கேல் செத்துப்போன செய்தியை மலைச்சாமி சொல்லி முடித்ததும் மைக்கேலின் மனைவி அன்னாள் கேட்ட முதல் கேள்வி, "காப்பி குடிக்கீகளா அண்ணே?" என்பதுதான்.

மலைச்சாமி சுந்தரபாண்டியத்துக்காரர். மூன்றரை வருஷம் ஜப்பான்காரனிடம் கைதியாகக் கிடந்துவிட்டு, யுத்தம் முடிந்து, கப்பலும் ரயிலுமாக ஊர் வந்து சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாட்டியிருந்த சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மைக்கேல் காயம் கட்டுகிறவன். இவர் காயம்பட்டவர்களைத் தூக்கி வருகிறவர். சிங்கப்பூரில் சேர்ந்தே பிடிபட்டார்கள். ஊர் திரும்பினால் முதல் காரியமாக மைக்கேல் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தவர், பத்து நாளும் காலையில் கிளம்புவதும் வாசலோடு திரும்புவதுமாகவே இருந்தார். பொங்கல் கழிந்த சனிக்கிழமை, இனிமேலும் தள்ளிப்போட்டால் சோறு இறங்காது என்று ஆனபிறகு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே வந்தார். அது 1946ஆம் வருஷம்.

அன்னாள் குடியிருந்தது மடவார் வளாகத்துக்குப் போகிற தெருவில் ஓர் ஒற்றை அறை வீடு. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அன்றைக்கு விடுமுறை. மலைச்சாமி பேசப் பேச அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தீவு என்றார், மழை என்றார், வயிற்றுக்கடுப்பு என்றார், பேன் தொல்லைக்காக எல்லாருக்கும் மொட்டை அடித்துவிட்டார்கள் என்றார். வார்த்தைகள் எல்லாம் அடுத்த வீட்டில் யாரோ பேசுவது மாதிரிதான் அவளுக்குக் கேட்டன. மலைச்சாமியின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

காப்பியைக் கருப்பட்டி போட்டு ஆற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கும்போது ஊசி நூல் எடுத்து வந்து, "சட்டையைக் கழத்துங்க, பொத்தான் வச்சுத் தாரேன்" என்றாள். அந்த மனுஷன் அழுதுவிட்டார். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை.

எப்படி வரும்? நாற்பத்திரண்டில் சர்க்கார் ஒரு தந்தி அடித்தது. அதில் விஷயம் ஒரே வார்த்தைதான்: காணவில்லை. காணாமல் போவதற்கு அவன் என்ன மேய்ச்சலுக்குப் போன ஆட்டுக்குட்டியா? அதற்குப்பிறகு ஒரு கடிதம் இல்லை, ஒரு தகவல் இல்லை. அன்னாள் கழுத்தில் புறா அச்சுத் தாலி கிடந்தது. கலர்ச் சேலை கட்டினாள். கோயிலில் சிலர் அவளிடம், "வீட்டுக்காரர்கிட்டயிருந்து காயிதம் வந்துச்சா?" என்று கேட்டார்கள், சிலர் ஒன்றுமே கேட்காமல் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனார்கள். ஜெபம் பண்ணும் பாதிரி ஐயருக்கும் குழப்பம்தான். சிறைப்பட்டவர்கள் வரிசையில் மைக்கேல் பேரை ஒரு வாரம் சொல்வார், மறுவாரம் விட்டுவிடுவார். பெண்டாட்டியா விதவையா என்று தெரியாமலே நாலு வருஷம் ஓடியதில் அன்னாளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கால் மரத்துப்போனால் உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். இதை எங்கே உதறுவது?

சட்டையை மடித்துக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. துக்க ஊசி வேண்டும். அது தோளில் ஏறிவிட்டால் தான் யார் என்று தெரிந்துவிடும். அழுகையும் தானாக வந்துவிடும்.

"அண்ணே, ராஜபாளையத்துல எங்க மைனி இருக்காக. அவியகிட்டயும் நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். செத்த நேரம் இருங்க, நானும் கெளம்பி வாரேன்" என்றாள்.

மைனி என்றது மைக்கேலின் அக்காள் வேதமணியை. துக்க ஊசி அவள் காவலில் இருந்தது.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. புறா முட்டை அளவில் ஒரு கறுப்புக் கல். சுற்றி முத்து முத்தாகப் பொன் விளிம்பு. பின்பக்கம் சேலையில் குத்திக்கொள்ள ஊசி. ஊசிக்குப் பக்கத்தில் நகத்தால் நெம்பினால் திறக்கிற சின்னக் கண்ணாடிக் கதவு. அந்தக் கண்ணாடிக்குள் செத்துப்போன ஆண்களின் தலைமுடி.

தாது வருஷப் பஞ்சத்தில், மலையடிவாரத்துக் கூடாரத்தில் காலராவில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்காக அவன் மனைவி செய்துபோட்டுக்கொண்டது அது. சீமை வழக்கம். அந்தத் துரையைக் கடைசி மூன்று நாள் கழுவித் துடைத்தவள் மைக்கேலின் அப்பத்தா ஏசம்மாள், உபதேசியார் வேதசிரோமணியின் மனைவி. வருஷம் திரும்பி அந்த அம்மாள் கப்பலேறியபோது ஊசியைக் கழற்றி ஏசம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். புருஷன் முடியை எதற்காக விட்டுவிட்டுப் போனாள் என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அன்னாள் கேட்டாள். "சீமையில வேற மாப்பிள்ளை பாத்திருப்பாக" என்று மைக்கேல் சிரித்தான்.

குடும்ப வேதபுத்தகத்தின் முதல் தாளில் உபதேசியார் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார், செத்த துரை ரோடு ஓவர்சீயர் என்று. ஏசம்மாள் சொல்லும்போது அவர் இஞ்சினீயர். அவள் மகன், மைக்கேலின் அப்பா ராபர்ட் காலத்தில் சப்கலெக்டர். வேதமணி அவரைக் கலெக்டராகவே ஆக்கிவிட்டாள். செத்தபிறகும் இப்படி உத்தியோக உயர்வு கிடைத்த துரை வேறு யாரும் இருக்க மாட்டார்.

உபதேசியார் இறந்தபோது, ஏசம்மாளுக்கு ஏதோ ஒரு வேகத்தில், அவர் முடியிலும் கொஞ்சம் வெட்டிக் கண்ணாடிக்குள் வைக்கத் தோன்றியது. வெட்டியது அவர் அக்காள். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. வீட்டு ஆண் இறந்தால், பெட்டி மூடுவதற்கு முன்னால், அவன் கூடப்பிறந்தவள் வலது காதுக்கு மேலே ஓர் இணுக்கு முடி வெட்டி ஊசிக்குள் வைப்பாள். வைத்து, பெண்டாட்டியின் இடது தோளில் வெள்ளைச் சேலையில் தன் கையாலே குத்திவிடுவாள். ஒரு வருஷம், ஞாயிறு தவறாமல். பிறகு ஊசி திரும்பக் கூடப்பிறந்தவள் பெட்டிக்கே போய்விடும். அவள் காக்கலாம், குத்திக்கொள்ளக் கூடாது. பெண்டாட்டி குத்திக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் ராபர்ட் போனபோதும் அப்படித்தான் நடந்தது. ஊசி குத்தாத பெண்டாட்டி அந்தக் குடும்பக் கணக்கில் புருஷனுக்காக அழாதவள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிற ஆணின் முடி வீட்டில் எங்கேயும் கிடக்கக் கூடாது. கிடந்தால் ஊசி அதைத் தேடி அந்த ஆணையே கொண்டுபோய்விடும் என்பார்கள். ஊசி இருக்கிற பெட்டிப் பக்கம் போகவே கூடாது. முடிவெட்டியவுடன் வீட்டுப் பெண்கள் ஒரு மயிரிழை பாக்கியில்லாமல் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிடுவார்கள். இதெல்லாம் அஞ்ஞானம் என்று எத்தனையோ ஐயர்மார் கண்டித்துப் பார்த்தார்கள். பெண்கள் ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து விளக்குமாற்றை எடுத்தார்கள். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்தான். வேதமும் தெரியும், ஊசியும் தெரியும்.

அடுப்புக்கரியில் ஓடுகிற பஸ் ராஜபாளையத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பாதி வழியில் இறங்கி, டிரைவர் அடுப்பைக் கிளறி முடிக்கும்வரை எல்லாரும் புளியமரத்தடியில் நின்றார்கள். அன்னாள் முடியைப் பற்றி யோசித்தாள். மொட்டை அடித்துவிட்டார்கள் என்று மலைச்சாமி சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடம்பே எங்கோ கடலுக்கு அந்தப்பக்கம். முடிக்கு எங்கே போவது?

வீட்டில் தேடலாம் என்றால் அதிலும் வழியில்லை. நாற்பத்தொன்றில், லீவு முடிந்து மைக்கேல் திரும்புவதற்கு முந்தின நாள், ராஜபாளையத்து வீட்டுப் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் ராக்கப்பன் வந்து முடிவெட்டினார். வெட்டி முடிந்ததும் அன்னாள் சேலையைச் செருகிக்கொண்டு மண்ணில் முட்டிபோட்டுவிட்டாள். நெளிநெளியான முடி, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மைக்கேலின் பிடரியை ஊதிவிட்டு அங்கே ஒட்டியிருந்ததையும் எடுத்தாள். அன்றைக்கே அவன் சீப்பை வெந்நீரில் கழுவினாள், தலையணை உறையை வெளுத்தாள், தொப்பியை உதறினாள். பட்டாளத்துக்குப் போகிறவன் அல்லவா, ஒரு இழைகூட இருந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டபோது நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது. "என்னையவே அள்ளி அடுப்புல போட்டுருவ போலருக்கே" என்றான் மைக்கேல். அவள் பெருமையாகச் சிரித்தாள். அவ்வளவு சுத்தமாக அந்த வீட்டில் எந்த மருமகளும் செய்ததில்லை.

இப்போது அந்தச் சுத்தத்தை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. வெறுப்புகூட முழுசாக வரவில்லை.

வேதமணி முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்துநாலு வயது. கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷன் இறந்து, பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவள் புருஷன் வேறு குடும்பம் என்பதால் அவளுக்கு ஊசி இல்லை. மைக்கேலுக்கு எட்டு வயதாயிருக்கும்போது தாய் போய்விட்டாள், வளர்த்ததெல்லாம் இவள்தான். வாசலில் அன்னாளையும், அவளுக்குப் பின்னால் பட்டாளத்துப் பூட்ஸ் போட்ட மெலிந்த ஆளையும் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இவிய மலைச்சாமி அண்ணன், மைனி. சிங்கப்பூர்ல இருந்து அவிய கூடவே…"

"வெயில்ல வந்திருக்காக. அந்த வேப்பமரத்தடியில உக்காரட்டும். மோர் கொண்டாரச் சொல்லுதேன்." வேதமணி மலைச்சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. "பேச்சு ஒண்ணும் வேண்டாம். மோர் குடிச்சா போதும்."

மலைச்சாமி அன்னாளைப் பார்த்தார். அன்னாள் தலையசைத்ததும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ராஜு அம்மாள் மோர்ச் செம்போடு வந்து, யாரு, என்ன என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் கேட்டதற்கு அவர் மோரை மட்டும் வாங்கிக் குடித்தார்.

உள்ளே வந்ததும் அன்னாள் சொன்னாள், "மைனி, ஊசியைக் குடுங்க."

"எந்த ஊசியை?"

"இந்த வீட்டுல எம்புட்டு ஊசி இருக்கு? நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நான் குத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போறேன்."

"ஓங்கிட்ட எவனோ வந்து எதையோ சொன்னான்னு…"

"எவனோ இல்ல. பக்கத்துல இருந்தவுக. அவியளே வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" என்றாள் வேதமணி. குரல் உடைந்தது. உடனே அதை ஒட்டவைத்துக்கொண்டு, மூத்தவள் குரலில் பேசினாள். "சரி, வச்சுக்கிடுவோம். முடி எங்க? முடி கொண்டாந்திருக்கியா?"

"முடி இல்ல. மொட்டை அடிச்சிட்டாகளாம்."

"பொறவென்ன பேச்சு? எங்க அப்பத்தா, எங்க அம்மா, அம்புட்டுப் பேரும் முடி வச்சுத்தான் குத்துனாக. வெறும் ஊசியைக் குத்துறதுக்கு அது என்ன சேலைப் பின்னா? முடி இல்லேன்னா ஊசி கெடையாது. சர்க்கார்ல இருந்து காயிதமும் வரல. எந் தம்பி வருவான்."

"வர மாட்டாக மைனி."

அன்னாள் இதைச் சொன்ன விதம் வேதமணியை உலுக்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் பெரிய டீச்சர் வர மாட்டார் என்று சொல்வது மாதிரி சொன்னாள். வேதமணி முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அரிசி தரையில் சிதறியது.

"பெட்டிச் சாவியைக் குடுங்க."

"சாவி இல்ல. தந்தி வந்த அன்னைக்கே கெணத்துல போட்டுட்டேன்."

மைனிக்குத் தம்பி சாகக் கூடாது, அதனால் ஊசியே இருக்கக் கூடாது, சாவி கிணற்றுக்குள் போய்விட்டது. அப்படித்தான் அன்னாள் புரிந்துகொண்டாள். நியாயமாகத்தான் இருந்தது. பரிதாபப்படலாம். ஆனால் பரிதாபப்படவும் ஒரு மனசு வேண்டுமே. ஒருத்திக்குத் தம்பி சாகவே மாட்டான், ஒருத்திக்குப் புருஷன் செத்தும் சாக மாட்டான். இப்படியே இரண்டு பேரும் கிழவிகளாகிவிடலாம். மில் சங்கு ஊதியது. அன்னாள் அடுக்களைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி! என்ன செய்யப்போற?"

அன்னாள் உள்ளே போனாள். உள்ளறையில் டிரங்குப் பெட்டிமேல் அந்தச் சின்னத் தேக்குப் பெட்டி இருந்தது. அதைத் தரையில் இறக்கி வைத்தாள். குழவியால் பூட்டின்மேல் ஓங்கிப் போட்டாள். பித்தளைப் பூட்டு, பழசு, ஆனாலும் சீமைச் சரக்கு. இரண்டாவது அடியில் கொக்கி வளைந்தது.

"தொறக்காதட்டி! ஒன்னைக் கையெடுத்துக் கும்பிடுதேன், தொறக்காத!" வேதமணி ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தாள். அன்னாள் அவளைக் கோபமே இல்லாமல், சாமான் ஒன்றை நகர்த்துவது மாதிரி ஒதுக்கி உட்காரவைத்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

பஞ்சுமேல் ஊசி கிடந்தது. துடைத்து வைத்தமாதிரி கறுப்பு. பக்கத்தில், கோயில் பாட்டு அச்சடித்த காகிதத் துண்டு ஒன்று பொட்டலமாக மடித்திருந்தது. அன்னாள் அதைப் பிரித்தாள்.

சிவப்பு நூலால் கட்டிய ஒரு சுருள் முடி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். வெயிலில் பார்த்தால் கொஞ்சம் செம்பட்டை. எண்ணெய் வைத்து வாரினாலும் உச்சியில் படியாமல் நெளிந்து நிற்கும் முடி. எட்டு வருஷம் அதற்கு எண்ணெய் தேய்த்தவள் அவள்தான். யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

வேதமணி சுவரில் சாய்ந்து முந்தியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டுப் பேசினாள்.

"நீ பொறுக்கிக்கிட்டிருந்த. நான் பின்கட்டு வாசல்ல நின்னேன். ஒரு சுருள் எங்கால்கிட்ட வந்து விழுந்துச்சு. காலால மிதிச்சு மறைச்சுக்கிட்டேன். நீ அள்ளிக்கிட்டு உள்ள போற வரைக்கும் அசையாம நின்னேன்."

"எதுக்கு மைனி?"

"எதுக்குன்னு கேக்கா பாரு. எட்டு வயசுல எங்கையில விட்டுட்டுப் போனா எங்கம்மா. ஒனக்குத் தாலி இருக்கு, நாளைக்கு ஒண்ணுன்னா ஊசி இருக்கு. எனக்கு அவங்கிட்ட இருந்து என்ன இருக்கு? சண்டைக்குப் போறானே, கொஞ்சம் வச்சுக்கிடுவோம்னு தோணிச்சு. எங்க வைக்க? இந்த ஒரு பெட்டிதான் யாரும் தொறக்க மாட்டாக. வச்சுட்டேன்." மூச்சு வாங்கினாள். "தந்தி வந்த அன்னைக்குத்தான் ஒறைச்சுது. உசுரோட இருக்கவன் முடியைக் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்துலயே படுக்க வச்சிருக்கேன். ஊசி வேற எங்கயும் தேடவே வேண்டாம். நானே ஊட்டி விட்டிருக்கேன். அதான் சாவியைக் கெணத்துல போட்டேன். நான்தாண்டி அவனைக் கொன்னேன்."

ஒரு நிமிஷம் அன்னாளும் அதை நம்பினாள். நம்பவில்லை என்று சொல்வது பொய். அந்த வீட்டு மருமகளாக அவளும் மண்ணில் முட்டிபோட்டவள்தானே. அத்தனை இழையையும் தான் எரித்த பிறகும் இந்த ஒரு சுருள் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கையில் இருந்த குழவியைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

பிறகு மறுபடியும் சுருளைப் பார்த்தாள். காகிதத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எடையே இல்லை. உலகத்தில் மைக்கேல் என்று இருப்பது இவ்வளவுதான், இதுவும் தன் கைக்குத் தப்பியதால் இருக்கிறது. குழவியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு விடாம எரிச்சேன் மைனி. நீங்கதான் அவியள்ல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கீக."

வேதமணி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. அடி விழும் என்று இருந்தவள் மாதிரி, இன்னும் கொஞ்ச நேரம் தோளைக் குறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"வைங்க" என்றாள் அன்னாள். "நீங்கதான வைக்கணும்."

வேதமணி கொண்டை ஊசியால் கண்ணாடிக் கதவை நெம்பினாள். உள்ளே துரை முடியும், உபதேசியார் முடியும், ராபர்ட் முடியும் ஒன்றோடொன்று சிக்கிப் பழைய தேங்காய் நார் மாதிரி கிடந்தன. சிவப்பு நூலை அவிழ்த்து, சுருளைப் பாதியாகப் பிரித்து, பாதியை உள்ளே சுற்றி வைத்தாள். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் அன்னாளைப் பார்த்தாள். "அது ஒங்களுக்கு" என்றாள் அன்னாள். கண்ணாடி மூடியது. அன்னாள் வெள்ளைச் சேலைகூடக் கட்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற நீலச் சேலைதான். அதன் தோளிலேயே வேதமணி ஊசியைக் குத்தினாள்.

அன்னாள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தோளில் கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். இதற்காகவா பூட்டை உடைத்தோம் என்று இருந்தது. இனி வருவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று பயந்துபோனாள். காலையில் மலைச்சாமி சொன்னதை ஒருதரம் மனசில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், சட்டைப் பொத்தானையும் மொட்டையையும் தவிர எதுவும் நினைவில் இல்லை.

எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, உள்ள வாங்க. காலைல நீங்க சொன்னது எனக்குக் காதுல ஏறல. கோவிச்சுக்கிடாம மொதல்ல இருந்து சொல்லுங்க. மைனியும் கேக்கட்டும்."

மலைச்சாமி பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்னாளின் தோளில் இருந்த கறுப்புக் கல்லைப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. கப்பலில் அடைத்துக் கொண்டுபோன நாளிலிருந்து ஆரம்பித்தார். தீவின் பேர் அவர் வாயில் நுழையவில்லை. மரம் வெட்டும் வேலை. மருந்து இல்லாமல் மைக்கேல் புண்ணுக்கு உப்புத் தண்ணீரை வைத்துக் கட்டியது. மாசக் கடைசியில் எல்லாருக்கும் மொட்டை. பொறவு மைக்கேலுக்கே வயிற்றுக்கடுப்பு வந்து, பதினேழு நாள்.

"கடைசியில ஒங்ககிட்ட எதுவும் சொன்னாகளா?" என்று கேட்டாள் அன்னாள்.

மலைச்சாமி தயங்கினார். "அதைக் காலைல சொல்லல. சொல்லுத மாதிரிப் பேச்சில்ல தங்கச்சி. காய்ச்சல் வேகம், என்னமோ ஒளறுனாரு."

"என்ன ஒளறுனாக?"

"படுத்த நாள்ல இருந்து தலையைத் தடவிக்கிட்டே இருப்பாரு. அண்ணே, முடி வளந்திருக்கா பாரு, வளந்திருக்கா பாரும்பாரு. காதுக்கு மேல தொட்டுப் பாக்கச் சொல்லுவாரு. இப்பத்தானய்யா மொட்டை அடிச்சிருக்குன்னா கேக்க மாட்டாரு. ஒரு இணுக்கு வளந்ததும் வெட்டி எடுத்துக்கோ, ஊருக்குக் கொண்டுபோயி அன்னாகிட்டக் குடு, அது இல்லேன்னா அவளுக்கு ஊசி குடுக்க மாட்டாக, பாவம் அழாமலே இருப்பான்னு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஊசிங்காரு, முடிங்காரு. சரிய்யா, வெட்டித் தாரேன்னு சொல்லி வச்சேன். கடைசி நாளும் கேட்டாரு." மலைச்சாமி தன் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்து, எவ்வளவு என்று காட்டினார். "இம்புட்டுத்தாம்மா இருந்துச்சு. கத்தியில பிடிபடல."

அன்னாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது, முதலில் சத்தமே வரவில்லை. வேதமணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ராஜு அம்மாள் மோர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.